பிளேன் அக்காவின் சிரிப்பு

எல்லோரும் ஓடும்போது அவர் மட்டும் நடந்துதான் வருவார். குண்டு போடுகிற விமானங்களை வன்னியில் நாங்கள் கிபிர் என்போம். கிபிர்ச் சத்தம் கேட்டதும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பங்கர் என்கிற பதுங்கு குழிக்குள் பாய்வோம். அவரோ தன் வீட்டுக் கதவைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வருவார். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே, பூவரச மரங்களுக்குக் கீழே அந்தப் பங்கரை வெட்டியிருந்தோம். முதற்படியில் நின்று உள்ளே இருக்கிற தலைகளை ஒருமுறை எண்ணுவார். பிறகுதான் குனிந்து இறங்குவார். அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

மேலே கேட்கிற சத்தத்தைவிட அந்தச் சிரிப்புக்கு நான் பயந்த நாட்கள் உண்டு.

கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத் திட்டம் ஒன்றில் எங்கள் வளவும் அவர் வளவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அப்படி வந்த ஒருவரைக் கல்யாணம் கட்டி வந்தவர் அவர். பிள்ளைகள் இல்லை. நான் கைக்குழந்தையோடு அங்கே குடிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். முழங்கால் வரை சேற்றோடு வரம்பில் நின்று, "தண்ணி திறந்தாச்சோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டதுதான் முதல் பேச்சு. அந்த மனிசி ஒரு காலத்தில் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர் என்று என் கணவர் சொன்னபோது நான் நம்பவில்லை. திட்டத்தில் எல்லோருக்கும் அவர் பிளேன் அக்கா.

பழகிய பிறகு நம்பினேன். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தால் முதுகை வளைக்கமாட்டார், முழங்காலைத்தான் மடிப்பார். பஸ்ஸில் ஏறினால் இருக்கை தேடுவதற்கு முன்பு கதவுகளைத்தான் பார்ப்பார். நான் வேலை செய்த சங்கக்கடைக்குச் சாமான் வாங்க வந்தால் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"பின்கதவைத் திறந்து வையும் பிள்ளை. இவ்வளவு சனம் நிக்கிற இடத்துக்கு ஒரு வழி மட்டும் காணாது."

"பின்பக்கத்தால மாடு வருது அக்கா."

"மாடு வரட்டும். மாடு வாற வழியால நாங்கள் போகலாம்."

அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கன்னம் கொஞ்சம் உயரும், மேல்வரிசைப் பற்கள் தெரியும், கண் உங்களைவிட்டு விலகாது. அவருடைய கணவர் நெஞ்சுவலியில் இறந்தபோது செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் அதே முகத்தோடு வாசலில் நின்று கும்பிட்டு, "வாங்கோ, உள்ள இருங்கோ" என்றார். பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். இவளுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்றார்கள். எனக்கும் அன்று ஒரு மாதிரித்தான் இருந்தது. சடலத்தைத் தூக்கிப் படலையைத் தாண்டும்போதுகூட அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை.

அவர் வேலை செய்த இரண்டு விமானக் கம்பனிகளும் இப்போது இல்லை. பெயர்களைச் சொல்வார்; எங்கள் வாயில் நுழையாது. முதலாவது கம்பனியிடம் இருந்தது மொத்தமாக இரண்டு விமானம். கொழும்பிலிருந்து திருச்சிக்கும் மாலைதீவுக்கும் பறந்தவை. சில வருடங்களில் அதை மூடிவிட்டார்கள். அடுத்தது அதைவிடச் சின்னக் கம்பனி, அதுவும் நிலைக்கவில்லை.

"என்ர கம்பனி ரெண்டும் செத்துப்போச்சு. நான்தான் மிச்சம்" என்பார்.

அந்தக் கதைகளை அவர் பங்கருக்குள்தான் சொல்வார். வெளியே வயலும் உரமும் நெல்லும்தான் பேச்சு. பங்கருக்குள் இறங்கியதும் பால்மாத் தகரம் ஒன்றைத் திறந்து ஆளுக்கொரு துண்டுப் பனங்கட்டி தருவார். பஞ்சு தருவார், காதுக்கு வைக்க. பிளேன் எழும்ப முன்பு பயணிகளுக்கு ரொபி மிட்டாயும் பஞ்சும் தட்டத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலையாம். ரொபி எங்கள் பக்கம் வருவதே இல்லை என்பதால் பனங்கட்டி. பிறகு தொடங்குவார்.

"திருச்சிக்குப் போகேக்க மன்னாருக்கு மேலாலதான் போறது. எங்கட கப்டன் நல்ல மனுசன். செட்டையை ஒரு பக்கம் சரிச்சுக் காட்டுவார். கடலுக்குள்ள மணல் திட்டி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, வெள்ளை வெளேரெண்டு கிடக்கும். சனமெல்லாம் எழும்பி அந்தப் பக்கத்துக்கு ஓடும். இருங்கோ, இருங்கோ, மற்றப் பக்கத்துக்கும் காட்டுவாரெண்டு நான் கத்துவன்."

மேலே கிபிர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பும். போகும்போது சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும். அந்த அமைதிதான் மிகவும் கொடுமை. எங்கே திரும்புகிறது, யாரைப் பார்த்துத் திரும்புகிறது என்று தெரியாது. என் மகள் துளசியின் நகம் என் கையில் பதியும். அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

"ஒருக்கா ஒரு ஆச்சி. கோயில் பாக்கப் போறா. பிளேனில ஏறேக்க படியிலயே செருப்பைக் கழட்டி வைச்சிட்டு உள்ள வந்திட்டா. ஆரும் கவனிக்கேல்லை. திருச்சியில வெறுங்காலோட இறங்கி, என்ர செருப்பை எங்க வைச்சனீங்கள் எண்டு கேக்கிறா. அடுத்த கிழமை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். இஞ்ச எயாப்போட்டில பத்திரமா வைச்சிருந்தவங்கள், பாவங்கள்."

சத்தம் திரும்பி வரும். கூரைக்குப் போட்டிருந்த பனைக்குற்றிகளின் இடுக்கால் மண் கொட்டும். அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார், அவ்வளவுதான்.

"மழைக்குள்ள பறந்தா மூண்டாம் வரிசையில ஒழுகும். நான் அந்த ஆளுக்குப் பக்கத்தில நிண்டு குடை பிடிச்சனான். ஆகாயத்தில குடை பிடிச்ச ஆள் நான் ஒருத்திதான்."

துளசிக்கு அப்போது ஏழு வயது. விமானம் என்றால் குண்டு போடுகிற ஒன்று என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியாது. ஒரு நாள் கேட்டாள்.

"இந்தப் பிளேனுக்குள்ளயும் ரொபி குடுப்பினமோ?"

பிளேன் அக்கா பனங்கட்டித் தகரத்தை மூடினார். பிறகு, "இல்லைப் பிள்ளை. இதில ஒருத்தன் மட்டும்தான் இருப்பான். அவனோட கதைக்க ஆரும் இல்லை" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் பங்கருக்கு வருகிற இராசம்மா அன்று பொறுக்கவில்லை. இராசம்மாவின் புருசன் சந்தையில் விழுந்த குண்டில் செத்தவர். உடம்பு முழுதாகக் கிடைக்கவில்லை.

"வாயை மூடு. என்ர மனுசனைத் திண்ட சாமான் அது. நீ அதைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாய். ஆர் குண்டு போட்டா உனக்கென்ன? உனக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை."

பிளேன் அக்கா இராசம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "சரி தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்த இரண்டு கிழமையையும் நான் மறக்கமாட்டேன். பங்கருக்குள் ஒருவரும் பேசவில்லை. பேச்சு நின்றதும் மேலே இருப்பது முழுவதும் கேட்கத் தொடங்கியது. கிபிர் குத்திக் கீழே இறங்குகிற சத்தத்தையும் குண்டு கழன்று விழுகிற சீறலையும் அதற்குப் பிறகு வருகிற ஒரு கணத்தையும் நான் தனித்தனியாகக் கேட்டேன். வேவு பார்க்கிற சின்ன விமானத்துக்கு வண்டு என்று பெயர். அது நாள் முழுக்க இரைந்துகொண்டு நிற்கும். சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் வாளியைப் போட்டுவிட்டு மேலே பார்த்தபடி நின்றுவிடுவேன். துளசி பேசுவதைக் குறைத்துவிட்டாள்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, பங்கரின் மூலையில் சேலையால் தலையை மூடிக்கொண்டிருந்த இராசம்மா சொன்னார்:

"ஏன் வாயில என்ன கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்? எதையாவது சொல்லித் துலையன்."

பிளேன் அக்கா மன்னாருக்கு மேலே விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பள்ளிக்கூடப் பக்கம் குண்டு விழுந்தது அதற்கு அடுத்த மாதம். காலை பத்தரை இருக்கும். நான் வீட்டில் நின்றேன், துளசி பள்ளிக்கூடத்தில். எங்கள் வளவிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு கட்டை தூரம். நடந்தால் இருபது நிமிடம் பிடிக்கும். முதல் குண்டு விழுந்தபோது நான் பங்கர் வாசலில் நின்றிருந்தேன். பள்ளிக்கூடத் திசையில் கறுப்பாகப் புகை எழும்பியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடத் தொடங்கினேன். யாரோ பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். வாய்க்கால் கட்டோடு விழுத்தி, என் முதுகில் முழங்காலை ஊன்றி அமத்தினார்கள்.

"குனி! தலையைக் கீழ! கையால பிடரியைப் பொத்து! வாயைத் திற!"

அது கெஞ்சுகிற குரல் இல்லை. அதட்டுகிற குரலும் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் சரியான இடைவெளி விட்டு, உரத்து, தெளிவாகச் சொன்னார் பிளேன் அக்கா. என் உடம்பு அப்படியே செய்தது. இரண்டாவது குண்டு விழுந்தது. நிலம் என் நெஞ்சை ஒருமுறை தூக்கிப் போட்டது.

"என்ர பிள்ளை" என்று கத்தினேன்.

"ஓம். போவம். இன்னொரு சுத்து வரும். அது முடியப் போவம்."

மூன்றாவது சுற்றும் முடிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓட விடவில்லை. "ஓடினா விழுவீர். விழுந்தா பிந்தும்" என்றார். எதிரே அழுதுகொண்டு வந்த சனத்துக்கு வழி காட்டினார். "அந்தப் பக்கம் போங்கோ, பங்கர் இருக்கு. பிள்ளையை இடுப்பில வையுங்கோ." அவர் முகத்தைப் பார்த்த ஆட்கள் கொஞ்சம் ஆறி நடந்ததை நான் கண்டேன். அந்தச் சிரிப்பு அப்போதும் இருந்தது. அவரை அடித்துத் தள்ளிவிட்டு ஓடவேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

குண்டுகள் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் தென்னந்தோட்டத்தில் விழுந்திருந்தன. பிள்ளைகள் பதுங்கு குழிக்குள் இருந்தார்கள். துளசியின் காதுக்குள் இரைச்சல்; நான் கூப்பிட்டது கேட்கவில்லை. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆனால் முழுதாக இருந்தாள். அவளை அள்ளி எடுத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். பிளேன் அக்கா பள்ளிக்கூட மதிலோடு எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்று, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், ஒரு கையால் மதிலைப் பிடித்தபடி. முடிந்ததும் முகத்தைத் துடைத்துத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். சிரித்தார்.

பின்னேரம் அவர் வீட்டுக் குசினியில், துளசியை மடியில் படுக்கவைத்துக்கொண்டு நான் கேட்டேன்.

"அக்கா, உங்களுக்குப் பயமில்லையோ?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் எழும்பிக் கதிரையில் வந்து இருந்தார்.

"ரெண்டாவது கம்பனியில இருக்கேக்க ஒருநாள் பிளேன் தரையில ஓடுற சில்லு இறங்கேல்லை. திருச்சியில இருந்து வாறம். கப்டன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், சில்லு இறங்குதில்லை, கொஞ்ச நேரம் சுத்தப்போறம், நீ போய்ச் சனத்துக்கு முன்னால நட எண்டு. நட, சிரி, வேற ஒண்டும் சொல்லாதை எண்டு. நான் ரொபித் தட்டத்தை எடுத்துக்கொண்டு நடந்தனான். முப்பத்தாறு பேர். எல்லாரும் என்ர முகத்தைத்தான் பாக்கினம். பிளேன் ஏன் சுத்துதெண்டு ஆருக்கும் தெரியாது. என்ர முகத்தில இருந்துதான் அவை அறியவேணும். இருபத்தைஞ்சு நிமிசம் நடந்தனான். எத்தினை தரம் போய் வந்தனெண்டு தெரியாது. உள்ளுக்க என்ர சீலை ஈரம். பயத்தில ஒண்டுக்குப் போயிட்டன் பிள்ளை. சிவப்புச் சீலை, அதால தெரியேல்லை."

"பிறகு?"

"பிறகு சில்லு இறங்கிச்சு. சனம் கை தட்டிச்சு. என்னட்டை ஒரு ஐயா சொன்னார், உம்மைப் பாத்துக்கொண்டிருந்ததால எனக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டு."

அவர் துளசியின் தலையைத் தடவினார்.

"எனக்குப் பயமில்லையோ எண்டு கேக்கிறீர். நான் பயந்தா நீங்கள் ஆரைப் பாக்கிறது?"

அன்றுமுதல் அவர் சிரிப்பில் எனக்குத் தெரிந்தது அந்த ஈரச் சீலைதான். பயம் இன்னும் கூடியது. அவர் அதிகமாகச் சிரிக்கிற நாளில் ஆபத்தும் அதிகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு சண்டை நெருங்கியதும் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் கிழக்கே போனோம். உழவு ரக்ரரில், சைக்கிளில், கடைசியில் நடந்து. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கர் வெட்டினோம். சில இடங்களில் இரண்டு நாள், சில இடங்களில் இரண்டு கிழமை. அவர் எங்களோடுதான் வந்தார். எதை விட்டாலும் ஒரு சின்னத் தோற்பையை விடவில்லை. முள்ளிவாய்க்காலில் கடற்கரை மணலில் குழி வெட்டினால் சரிந்து விழுந்தது. மண் மூடை அடுக்கவேண்டும், சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் கூறைச் சீலைகளை வெட்டிப் பை தைத்தார்கள். பட்டுப் பைக்குள் மணல் நிரப்பினோம். அப்போது அவர் தோற்பையைத் திறந்தார். உள்ளே இரண்டு சீலைகள். ஒன்று சிவப்பு, ஓரத்தில் பறவை போட்டது. மற்றது நீலம். இரண்டு கம்பனிகளுடையதும்.

"அக்கா, அதை வையுங்கோ" என்றேன்.

"அந்தக் கம்பனியள் இனி வந்து இதைக் கேக்கப் போகினமே?" என்றவர், கத்தரிக்கோலை வாங்கிச் சீலையை நாலாக வெட்டினார். இராசம்மா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பறவை போட்ட துண்டில் தைத்த மூடை துளசி படுத்த பக்கத்தில் இருந்தது. அந்தக் கிழமையில் எங்களுக்குப் பக்கத்தில் விழுந்த பீரங்கிச் செல்லின் சிதறல்கள் அந்த மூடைகளில் ஏறியிருந்தன. துளசி இன்று இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டாள்.

போரின் கடைசி நாள் சனம் வெளியேறும்போது அவரைத் தவறவிட்டேன். கை பிடித்துத்தான் நடந்தோம். பின்னால் நெருக்கியது, யாரோ விழுந்தார்கள், அவர் குனிந்து தூக்கப் போனார். திரும்பிப் பார்த்தபோது இல்லை. பிறகு எங்களை வைத்திருந்த முகாமில் பெயர் கேட்டு, ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். பிறகு தேடுவதை நிறுத்தினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, திட்டத்துக்குத் திரும்பி வந்திருந்த இராசம்மாதான் ஒரு நாள் வந்து சொன்னார், அவர் ஓமந்தையில் புருசனின் சகோதரி மகளான மருமகள் வீட்டில் இருக்கிறார் என்று. அடுத்த நாளே பஸ் ஏறினேன். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அதற்கு அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

கட்டிலில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, வாய்விட்டு அழுதார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சிரிப்பு இல்லாத அவர் முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். காதுக்கு ஏதோ சத்தம் கேட்டதுபோல் கண்கள் அலைந்தன. துளசி எப்படி, என் கணவர் எப்படி, வயல் யார் செய்கிறார்கள் என்று விசாரித்தார்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. வவுனியாப் பக்கமிருந்து ஹெலிகொப்ரர் ஒன்று வந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அது இன்றைக்கும் எனக்கு வேர்க்கும். அவரைப் பார்த்தேன், பழக்கத்தில். கட்டிலில் அவர் இல்லை.

"கட்டிலுக்குக் கீழ பாருங்கோ" என்றாள் மருமகள், குசினியிலிருந்து. "எந்தச் சத்தம் கேட்டாலும் அங்கதான். அங்கால தண்டவாளத்தில ரெயின் போனாக்கூட. எவ்வளவு சொல்லியும் கேக்கிறா இல்லை. ஒண்டும் வராது மாமி, வெளியில வாங்கோ."

குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். தாடை நடுங்கிப் பல் அடித்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப என்னை ஆரும் பாத்துக்கொண்டிருக்கேல்லைப் பிள்ளை" என்றார். "இப்ப நான் பயப்பிடலாம்."

நான் நிலத்தில் படுத்து உள்ளே நகர்ந்து போனேன். ஒன்றும் வராது என்று சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்து போயிருந்தது, என்னுடையதும் அப்படித்தான். வீட்டுக்கு மேலால் ஹெலிகொப்ரர் போனபோது இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம். அவர் அழுதார். நானும் மறைக்காமல் அழுதேன்.

சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது. நான் எழும்பப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் இரும்" என்றார்.

இருந்தேன்.